பத்தரை மணித் தட்டு: ‘பார்டர் சுகர்’ வந்த ஒரு சகோதரிக்கு

ஈரோடு பக்கத்திலிருந்து நான்கு பக்கக் கடிதம் ஒன்று வந்திருக்கிறது. பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வயது 39. வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். பிகோ, ஃபால்ஸ் வேலையும் உண்டு. கணவர் லாரி புக்கிங் ஆபீஸில் இருக்கிறார். பையன் 11-ம் வகுப்பு, பெண் 4-ம் வகுப்பு. மாமியாரும் கூடவே இருக்கிறார்.

பெண் வயிற்றில் இருந்தபோது சர்க்கரை இருப்பதாகச் சொல்லி சாப்பாட்டில் கட்டுப்பாடு கொடுத்திருக்கிறார்கள். பிரசவம் முடிந்ததும் சர்க்கரை இறங்கிவிட்டது. அதோடு 9 வருடமாக டெஸ்ட் எதுவும் எடுக்கவில்லை. போன மாதம் நடந்த ஒரு முகாமில் பார்த்தபோது வெறும் வயிற்றில் சர்க்கரை 114, மூன்று மாதச் சராசரி என்கிறோமே, அந்த எச்பிஏ1சி 6.2, ரத்த அழுத்தம் 134/86, ஹீமோகுளோபின் 9.8. எடை 71 கிலோ, உயரம் 154 செ.மீ. ‘பார்டர்தாம்மா, வாக்கிங் போங்க’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இவருடைய அம்மா சர்க்கரை நோயோடு இருந்து 58 வயதில் இறந்தவர். செருப்பு வார் கடித்த சின்னப் புண் ஆறாமல் போய்ப் பாதத்தை எடுத்திருக்கிறார்கள். கடைசி ஒன்றரை வருடம் டயாலிசிஸ். ‘மாத்திரை போட்டுப் போட்டுத்தான் கிட்னி போச்சு’ என்பது வீட்டில் எல்லோருடைய முடிவு. ‘பரம்பரை வியாதி, தலையெழுத்து, நான் என்ன செய்து என்ன ஆகப்போகிறது?’ என்று கேட்கிறார். காலை 5 மணிக்கு எழுந்து ராத்திரி 11.30 வரை ஓடுகிற தனக்கு எதற்கு நடைப்பயிற்சி என்பது அடுத்த கேள்வி. வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரைக்கும், காலை இட்லியை விட்டுக் கம்பங்கூழுக்கும் மாறியும் எடை குறையவில்லையே என்கிறார். மாத்திரை தொடங்கலாமா, மொபைல் வீடியோவில் வரும் மூலிகைப் பொடியை வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதியது: ‘எல்லாரும் சாப்பிட்ட அப்புறம் மிச்சத்தைக் கொட்ட மனசு வராது, நான் உட்கார பத்தரை ஆயிடும்.’ அதை நீங்கள் ஒரு பிரச்சினையாகவே சொல்லவில்லை. எனக்கு அதுதான் பிரச்சினையின் நடுப்புள்ளியாகத் தெரிகிறது. அதற்கு வருவதற்கு முன் உங்கள் ரிப்போர்ட்டை ஒருமுறை சேர்ந்து படித்துவிடுவோம்.

‘பார்டர்’ என்றால் என்ன?

வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 126-ஐயோ 6.5-ஐயோ தொட்டால்தான் சர்க்கரை நோய். ஆக, உங்களுக்கு இன்னும் நோய் வரவில்லை. ஆனால் ‘ஒன்றும் இல்லை’ என்று விட்டுவிடவும் முடியாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் ஹீமோகுளோபின் 9.8. பெண்களுக்கு 12-க்கு மேல் இருக்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும். அதனால் அந்த 6.2-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு பயப்பட வேண்டாம். வெறும் வயிற்றில் ஒரு முறை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து ஒரு முறை என்று ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். இரண்டாவது அளவு 140-க்குள் இருந்தால் நல்லது, 140 முதல் 199 வரை என்றால் முந்தைய நிலை, 200-ம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய். மாதவிடாயில் அதிகம் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் மகளிர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘எப்பவும் அசதி’ என்று நீங்கள் சொல்வதில் பெரும்பங்கு இந்த ரத்தசோகையாகவே இருக்கலாம்.

கர்ப்ப காலத்தில் வந்த சர்க்கரை பிரசவத்தோடு ‘சரியாகிவிட்டது’ என்று நினைத்தது உங்கள் தவறு இல்லை. அப்படித்தான் பலரிடமும் சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால் அது உடம்பு முன்கூட்டியே கொடுத்த எச்சரிக்கை. கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். குழந்தை பிறந்து 6 வாரம் கழித்து ஒரு டெஸ்ட், பிறகு வாழ்நாள் முழுக்க 1 முதல் 3 வருடத்துக்கு ஒரு முறை டெஸ்ட் எடுக்க வேண்டும். விட்டுப்போன 9 வருடத்தை நினைத்து வருத்தப்பட வேண்டாம், இப்போதாவது கண்ணில் பட்டதே. உங்களுக்கு முந்தைய நிலை வந்துவிட்டதால் இனி வருடம் தவறாமல் பாருங்கள்.

அம்மாவிடமிருந்து வந்தது எது?

பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடும். ஆனால் வருவது நோய் அல்ல, நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கும் உடல்வாகு. அது எப்போது நோயாகும், ஆகாமலே போகுமா என்பதில் நம் கைக்கும் நிறைய இடம் இருக்கிறது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில், உங்களைப் போல முந்தைய நிலையில் இருந்த 531 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2006-ல் வெளிவந்தது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு 3 வருடத்துக்குள் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் விடாமல் கவனித்தவர்களில் அது 39 சதவீதம். கவனிக்க வேண்டியது, இவர்களுக்கு எடை பெரிதாக ஒன்றும் குறையவில்லை. எடை மெஷின் முள் அசையவில்லை என்று சலித்துக்கொள்கிறீர்களே, அசையாதபோதும் உள்ளே பலன் நடக்கிறது. எடையும் 7 சதவீதம் போல இறங்கினால் பலன் இன்னும் பெரிது என்று அமெரிக்காவில் 2002-ல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்கள் கணக்கில் 7 சதவீதம் என்பது 5 கிலோ. 20 கிலோ குறைக்கச் சொல்லவில்லை, பாருங்கள்.

அம்மாவின் சிறுநீரகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல வருடம் கட்டுப்படாமல் இருந்த சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. மாத்திரை அதிகமாவதும் சிறுநீரகம் கெடுவதும் ஒரே காலத்தில் நடப்பதால் பார்க்கிறவர்களுக்கு மாத்திரையால் கெட்ட மாதிரி தெரிகிறது. சர்க்கரைக்கு வழக்கமாக முதலில் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமானவர்களுக்கு அதன் அளவைக் குறைப்போம் அல்லது நிறுத்துவோம், அவ்வளவுதான். அம்மாவும் மாத்திரையைப் ‘பாதி நாள் போட்டு, பாதி நாள் நிறுத்தி’ வந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தில் நிறுத்திய நாட்கள்தான் அவருக்குக் கெடுதலாக முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இதைப் படிக்க உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். ஆனால் அதே பயம் உங்கள் வீட்டில் அப்படியே இருக்கிறது.

அம்மாவும் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில்தான் சாப்பிட்டிருப்பார், இல்லையா? உடல்வாகோடு சேர்த்து அந்தப் பழக்கத்தையும் நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள். முதலாவதை மாற்ற முடியாது. இரண்டாவதை மாற்ற முடியும்.

தட்டு, டம்ளர், நேரம்

உங்கள் ஒரு நாளை உங்கள் கடிதத்திலிருந்தே எடுத்து எழுதிப் பார்த்தேன். காலை 10 மணிக்கு இரண்டு சொம்பு கூழ், மோர் மிளகாய், வடகம். துணி வாங்க வருகிறவர்களோடு சேர்த்து நாளைக்கு 4 டம்ளர் டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை, கூட வர்க்கி அல்லது முறுக்கு. மதியச் சாப்பாடு 3 மணிக்கு. ராத்திரி 10.30-க்கு மீந்த தோசை மூன்று, அதோடு மதியச் சோறு மிஞ்சியிருந்தால் அதுவும். பதினொன்றரைக்குப் படுக்கை, ஐந்துக்கு எழுந்திருப்பது.

முதலில் டம்ளர். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன், பனங்கற்கண்டு எல்லாமே உடம்புக்குச் சர்க்கரைதான். கொஞ்சம் தாதுச்சத்து கூட இருக்கலாம், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் பெரிய வித்தியாசம் கிடையாது. நாளைக்கு 8 ஸ்பூன் என்றால் 33 கிராம் போல. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஆகிறது. நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது 6 ஸ்பூனுக்குள் வைப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உங்கள் நிலையில் அதற்கும் கீழே போக வேண்டும். ஒரேயடியாக நிறுத்தினால் பத்து நாளில் பழையபடி ஆகிவிடும். இரண்டு டீ போதும். வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்கு பழகிவிடும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். அது சாப்பாட்டிலிருந்து இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும்.

கூழ். கம்பு நல்ல தானியம்தான். ஆனால் மாவாக அரைத்துக் குழையக் காய்ச்சிக் கரைத்துக் குடிக்கும்போது வேகமாக ஜீரணமாகி வேகமாகச் சர்க்கரையாகிறது. அதே கம்பைச் சோறாகவோ அடையாகவோ மென்று சாப்பிட்டால் மெதுவாக ஏறும். சிறுதானியம் என்று பெயர் இருப்பதாலேயே அளவில்லாமல் சாப்பிடலாம் என்று ஆகாது. கூழ் பிடிக்கும் என்றால் ஒரு டம்ளரோடு நிறுத்தி, கூடவே ஒரு கிண்ணம் சுண்டலோ அவித்த முட்டையோ வைத்துக்கொள்ளுங்கள். மோர் மிளகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம். உங்கள் ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொடவில்லை, தொடப் பார்க்கிறது. உப்பு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், ஒரு டீஸ்பூன்தான். வடகமும் ஊறுகாயும் அப்பளமும் அதில் பாதியைத் தின்றுவிடும்.

மதியம் தட்டில் முதலில் பொரியலும் கூட்டும் விழட்டும், பாதித் தட்டு அதுவே இருக்கட்டும். கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் ஏதாவது ஒன்று. மீதிக் கால் பங்கில் சோறு. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். தனிச் சமையல் எதுவும் வேண்டாம். இருக்கிற சமையலில் காயை ஒரு பங்கு கூட்டி, சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்தால் போதும்.

இப்போது அந்தப் பத்தரை மணித் தட்டு. ராத்திரி நேரமாக ஆக, ரத்தத்தில் சர்க்கரையை இறக்கும் இன்சுலினுக்கு நம் உடம்பு சரியாகக் கட்டுப்படுவதில்லை. காலையில் சாப்பிடும் மூன்று தோசையும் ராத்திரி பத்தரைக்குச் சாப்பிடும் மூன்று தோசையும் ரத்தத்தில் ஒன்றல்ல. சாப்பிட்ட கையோடு படுக்கிறீர்கள், ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறீர்கள். தூக்கம் குறைந்தாலும் சர்க்கரை ஏறும், மறுநாள் பசியும் கூடும். இதில் நீங்கள் சாப்பிடுவது பசிக்கு அல்ல, பாத்திரத்தைக் காலி செய்வதற்கு. மீந்ததைக் கொட்ட மனசு வராதது நல்ல மனசுதான். அதற்கு வழி குறைத்து வைப்பது, மாவை ஃபிரிட்ஜில் எடுத்து வைப்பது. உங்கள் வயிறு அதற்கான பாத்திரம் இல்லை. எட்டு மணிக்குப் பிள்ளைகள் உட்காரும்போது உங்கள் தட்டும் தரையில் இருக்கட்டும். தோசை ஊற்ற ஆள் வேண்டுமே என்பீர்கள். பதினாறு வயதுப் பையனுக்குத் தோசைக்கரண்டி பிடிக்கத் தெரிந்தால் அவனுக்கும் நல்லது.

மெஷினிலிருந்து எழுந்திருப்பது

காலையிலிருந்து ஓடுகிறீர்கள் என்பதை நம்புகிறேன். ஆனால் கணக்குப் பாருங்கள். அதில் 6, 7 மணி நேரம் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். மிச்சம், அடுப்படியில் நின்றபடி செய்யும் வேலை. அசதி வருகிறது; ஆனால் இதயமும் காலின் பெரிய தசைகளும் வேகம் எடுக்கிற நேரம் இல்லை. சாப்பாட்டுச் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைகள்தான். அதற்குத்தான் நடக்கச் சொல்கிறோம்.

வாரத்துக்கு 150 நிமிடம். பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம். மொத்தமாக அரை மணி கிடைக்காவிட்டால் மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிடம் மொட்டை மாடியில் நடங்கள்; சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரைக்கு இது இன்னும் நல்லது. எட்டு நடை போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. எட்டு வடிவத்தில் தனிச் சக்தி எதுவும் இல்லை, சின்ன இடத்தில் நிற்காமல் நடக்க வசதி, அவ்வளவே. ரத்தசோகை தீரும்வரை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

மெஷினில் ஒவ்வொரு பாபின் நூல் தீரும்போதும் எழுந்து இரண்டு நிமிடம் நில்லுங்கள், நடங்கள். பத்து முறை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் தொடைத் தசைக்குப் பலம். அப்புறம், கழுத்தில் எப்போதும் தொங்குகிறதே இஞ்ச் டேப், ஊரில் எல்லோர் இடுப்பையும் அளந்த அந்த டேப்பால் உங்கள் வயிற்றையும் அளந்து எழுதி வையுங்கள். விலா எலும்பு முடியும் இடத்துக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இழுக்காமல். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ., அதாவது முப்பத்தொன்றரை இஞ்சுக்குள் இருக்க வேண்டும். எடைக்கு முன்னாலேயே இந்த அளவு குறையலாம்.

மாத்திரையா, பொடியா?

பொடி வேண்டாம். மூன்று மாதத்துக்கு 2,400 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே என்ன, எவ்வளவு என்று தெரியாத ஒன்றைச் சாப்பிட்டு, ‘மருந்து சாப்பிடுகிறோமே’ என்ற நிம்மதியில் டெஸ்டையும் நடையையும் விட்டுவிடுவார்கள் என்பதுதான் என் பெரிய பயம். அந்தப் பணத்தில் மூன்று மாதத்துக்கு முட்டை, பயறு, கீரை வாங்கலாம்.

மெட்ஃபார்மின் உங்களுக்கு ஒரு நியாயமான வழி. நான் சொன்ன அமெரிக்க ஆய்வில், கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்களைத் தனியாகப் பார்த்தபோது, வாழ்க்கைமுறை மாற்றமும் மெட்ஃபார்மினும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு, பாதியாகவே அபாயத்தைக் குறைத்தன. நடை, சாப்பாடு வழியில் ரத்த அழுத்தமும் கொழுப்பும் தூக்கமும் சேர்ந்து சரியாவதால் அதை முதலில் வைக்கிறேன். மூன்று மாதம் முயன்று பாருங்கள். அளவு இறங்காவிட்டாலோ, குளுக்கோஸ் டெஸ்டில் 200-ஐ ஒட்டி வந்தாலோ, உங்கள் மருத்துவரிடம் மாத்திரை பற்றி நீங்களே கேளுங்கள். ‘தொடங்கினால் நிறுத்தவே முடியாது’ என்று மாமியார் சொல்வது சரியில்லை; அளவு நன்றாக இறங்கினால் குறைக்கவும் நிறுத்தவும் செய்கிறோம், ஆனால் மருத்துவர் சொல்லி. வருடக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 அளவை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் உங்கள் தெருவுக்கும் வருவார். அவர் வரும்போது மாமியாருக்கு மட்டும் பார்க்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். என் ஓ.பி.யில் பல பெண்கள் கணவரின் சர்க்கரை அளவை மனப்பாடமாகச் சொல்வார்கள், ‘உங்களுது எவ்வளவும்மா?’ என்றால் தெரியாது.

வீட்டில் பேச வேண்டியது

கணவர் திண்ணையில் உட்கார்ந்து நாளைக்கு ஆறு சிகரெட் பிடிக்கிறார், ‘கொஞ்சம்தானே’ என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதயத்தைப் பொறுத்தவரை ‘கொஞ்சம்’ என்று ஒன்று இல்லை. நாளைக்கு ஒன்றே ஒன்று பிடித்தாலும், இருபது பிடிப்பவருக்குக் கூடும் மாரடைப்பு அபாயத்தில் கிட்டத்தட்ட பாதி வந்துவிடுகிறது. அந்தப் புகை உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் வருகிறது. சண்டை போட்டு நிறுத்த வைக்க முடியாது. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் விட உதவுவார்கள், எண்ணை எழுதிக் கொடுங்கள். விட்ட ஒரு வருடத்தில் இதய அபாயம் பாதியாகக் குறையும் என்பதையும் சொல்லுங்கள்.

உங்கள் மகளைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். தாய்க்குச் சர்க்கரை இருந்த கர்ப்பத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் பின்னாளில் உடல் பருமனும் சர்க்கரையும் வரும் வாய்ப்பு கூடுதல். பயமுறுத்தச் சொல்லவில்லை. காய் நிறைந்த தட்டு, மொட்டை மாடி நடை, நேரத்துக்குச் சாப்பாடு எல்லாம் ‘அம்மாவோட பத்தியம்’ என்று தனியாக ஒதுங்காமல் வீட்டுப் பழக்கமாகவே இருக்கட்டும். ஒன்பது வயதுப் பெண் யார் எப்போது சாப்பிடுகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள்.

இதைக் கேட்டதும் மாமியார் முகம் சுளிக்கலாம். கணவரிடம் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, ‘எனக்கும் அம்மாவுக்கு வந்த மாதிரி ஆகாமல் இருக்க எட்டு மணிக்குச் சாப்பிடணும், அரை மணி நடக்கணும், எனக்கு உதவி வேணும்’ என்று நேராகச் சொல்லுங்கள். நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

அடுத்த வாரத்துக்குள் குளுக்கோஸ் டெஸ்ட், கொழுப்பு, சிறுநீரில் புரதம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எல்லாம் எடுத்துவிடுங்கள். ரத்தசோகைக்கு மருத்துவர் எழுதும் மாத்திரையைத் தொடங்குங்கள். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவது, ஆறாத புண், நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், இதில் எது வந்தாலும் மூன்று மாதம் காத்திருக்காமல் அன்றே போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்துத் திரும்ப டெஸ்ட் எடுத்து, இஞ்ச் டேப் அளவையும் ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.